அக்ரீ டு டிஸ்அக்ரீ: ஒரு சீனியரும் ஒரு ஜூனியரும் சண்டை போட்ட கதை

(முன்னாள் மாணவர், மெக்கானிக்கல், 2010 பேட்ச்)

நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் எந்த வாக்குவாதமும் மூன்று விதமாகத்தான் முடியும். ஒன்று, யாராவது கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறுவார். இரண்டு, ஒரு நல்ல மனசுக்காரர் ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' சொல்லித் திசை திருப்புவார். மூன்றாவதுதான் கௌரவமான முடிவு. "சரி மச்சி, லெட்ஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ" என்று யாராவது சொல்வார். உடனே இரண்டு தரப்பும் ஜெயித்த மாதிரி ஒரு திருப்தி!

ஆபீஸ் மீட்டிங்கிலும் இதே கதைதான். மணி ஒன்றாகி, பசி எடுக்க ஆரம்பித்ததும் இந்த வாக்கியம் தானாக வந்துவிடும். இவ்வளவு உபயோகமான இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்த கதை நம் மலருக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது. காரணம், இது ஒரு கல்லூரி நட்பின் கதை. ஒரு சீனியருக்கும் ஜூனியருக்கும் நடுவே நடந்த கதை.

பொருள் என்ன?

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 'கருத்து ஒத்துப்போகாமல் இருக்க ஒத்துக்கொள்வோம்' என்கிறது. 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, நான் சொல்வதை நீ ஏற்கவில்லை. நம்மில் யாரும் மாறப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டாம், வேலையையும் நிறுத்த வேண்டாம்' என்பதுதான் இதன் முழுப் பொருள்.

'அக்ரீ' என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், 'மனதுக்கு இனியது' என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் சொல். அதாவது முதலில் அது அபிப்பிராயத்தைப் பற்றிய சொல்லே இல்லை, மனப்பொருத்தத்தைப் பற்றிய சொல். நம் தமிழிலும் பாருங்க, 'இசைவு' என்கிறோம். இசை என்றால் பாட்டு. இசைதல் என்றால் ஒத்துப்போதல். அபிப்பிராயம் வேறாக இருந்தாலும் மனசு இசையலாம் என்பது இந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய நட்பு

சீனியர் பெயர் ஜான் வெஸ்லி. 1703-ல் பிறந்தவர், மதகுருவின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் லிங்கன் கல்லூரியில் ஆசிரியர் பதவியில் இருந்தார். ஜூனியர் பெயர் ஜார்ஜ் விட்ஃபீல்ட். 1714-ல் பிறந்தவர். சீனியரை விடப் பதினோரு வயது சின்னவர். க்ளாஸ்டர் நகரில் ஒரு சத்திரம் நடத்திய குடும்பத்துப் பையன். 1732-ல் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். ஃபீஸ் கட்ட வசதியில்லை. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. அப்படிப் படித்தவர் விட்ஃபீல்ட்.

ஜான் வெஸ்லியும் அவருடைய தம்பி சார்லஸும் 1729 முதலே அங்கே ஒரு சின்னக் குழு நடத்தினார்கள். நேரம் வகுத்து ஜெபம், நேரம் வகுத்துப் படிப்பு, சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை. மற்ற மாணவர்கள் கிண்டலாக வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று 'மெத்தடிஸ்ட்', எதையும் ஒரு முறை வைத்துச் செய்கிறவர்கள் என்று அர்த்தம். ஹாஸ்டலில் வைக்கிற பட்டப்பெயர் ஆயுசுக்கும் விடாது என்பது நமக்குத் தெரியாததா? பின்னால் உலகம் முழுவதும் பரவிய ஒரு திருச்சபைக்கே அதுதான் பெயராக நிலைத்தது.

விட்ஃபீல்ட் இந்தக் குழுவில் சேர்ந்தார். சீனியர் மேல் அளவில்லாத மரியாதை. ஆனாலும் முதல் உரசல் சீக்கிரமே வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் போன வெஸ்லி அங்கே எதுவும் சரிப்படாமல் 1738 பிப்ரவரியில் இங்கிலாந்து திரும்பினார். அவர் கப்பல் வந்து சேரும் நேரத்தில், விட்ஃபீல்ட் அதே ஜார்ஜியாவுக்குக் கப்பலேறிக் காத்திருந்தார். ஜூனியர் போகலாமா கூடாதா என்று வெஸ்லி திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்த்தார். 'லண்டனுக்குத் திரும்பட்டும்' என்று சீட்டு வந்தது. அதை எழுதி அனுப்பினார். விட்ஃபீல்ட் படித்தார், யோசித்தார், புறப்பட்டுப் போய்விட்டார்!

திரும்பி வந்த விட்ஃபீல்ட், 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் திறந்த வெளியில் நின்று பிரசங்கம் செய்தார். கோயில் கட்டடத்துக்கு வெளியே பிரசங்கம் செய்வது அன்றைக்குப் பெரியவர்கள் முகம் சுளிக்கிற காரியம். கூட்டம் பெருகியதும் சீனியரைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி வந்த வெஸ்லி, 1739 ஏப்ரல் 2 அன்று சுமார் 3,000 பேர் முன்னால் வெட்டவெளியில் பேசினார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் நிறுத்தவில்லை. ஜூனியர் சீனியருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

விட்ஃபீல்டின் குரல் எப்பேர்ப்பட்டது என்பதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளினே சாட்சி. மின்னலையும் இடிதாங்கியையும் ஆராய்ந்த அதே ஃபிராங்க்ளின்தான். ஃபிலடெல்ஃபியாவில் விட்ஃபீல்ட் பேசிக்கொண்டிருந்தபோது, குரல் கேட்கிற எல்லை வரை பின்னாலேயே நடந்து போனார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, ஆளுக்கு 2 சதுர அடி என்று கணக்கிட்டு, 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் என்று முடிவு கட்டினார். மைக்செட் இல்லாத காலம்! மத விஷயத்தில் இருவருக்கும் ஒத்தே போகாது. ஆனாலும் விட்ஃபீல்டின் நூல்களை அச்சிட்டதும் ஃபிராங்க்ளின்தான், கடைசி வரை நண்பராக இருந்ததும் அவர்தான்.

சண்டை

அப்புறம் என்ன தகராறு? மனிதனின் மீட்சி யார் கையில் என்ற கேள்வி. இன்னார் கடைத்தேறுவார் என்று கடவுள் ஆதியிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார் என்பது விட்ஃபீல்ட் நம்பிய கால்வினின் கொள்கை. அப்படியில்லை, அருள் எல்லோருக்கும் பொது, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்பது வெஸ்லியின் கட்சி. நம் பாஷையில் சொன்னால், அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன்பே மெரிட் லிஸ்ட் ரெடியா, இல்லை சேர்க்கை எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்ற சண்டை.

1739-ல் வெஸ்லி தம் கட்சியைப் பிரசங்கமாகச் சொல்லி அச்சிடவும் செய்தார். அதற்கும் திருவுளச் சீட்டுத்தான்! 'வேண்டாம், வெளியில் பேசி நம் ஒற்றுமையைக் கெடுக்க வேண்டாம்' என்று விட்ஃபீல்ட் கெஞ்சியிருந்தார். பலிக்கவில்லை. 1740 டிசம்பரில் ஜார்ஜியாவில் இருந்துகொண்டு ஒரு நீண்ட மறுப்பு எழுதினார். அதில் 1738-ல் நடந்த அந்தப் பழைய சீட்டு விவகாரத்தையும் ஊரறியப் போட்டு உடைத்துவிட்டார். நண்பனின் அந்தரங்கத்தை அப்படி எழுதியதற்குப் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார் என்பது வேறு விஷயம்.

1741 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் வெஸ்லியின் கூடம் ஒரு பழைய பீரங்கி வார்ப்பாலையில் இருந்தது. விட்ஃபீல்ட் வெஸ்லிக்கு எழுதிய ஒரு சொந்தக் கடிதத்தை யாரோ அச்சடித்து, வாசலிலும் உள்ளேயும் விநியோகித்துவிட்டார்கள். வெஸ்லி ஒரு பிரதியைக் கையில் எடுத்தார். "விட்ஃபீல்ட் இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ அதையே செய்கிறேன்" என்ற பொருளில் சொல்லி, சபை முன்னால் அதைக் கிழித்துப் போட்டார். இரண்டே நிமிஷத்தில் கூட்டத்தில் ஒரு பிரதி மிச்சமில்லை.

ஆனால் சண்டை அதோடு தீரவில்லை. மார்ச் மாதம் ஊர் திரும்பிய விட்ஃபீல்ட், 'நாம் இருவரும் இரண்டு வெவ்வேறு சுவிசேஷங்களைப் போதிக்கிறோம், உங்களோடு கை கோக்க முடியாது' என்று நேரிலேயே சொல்லிவிட்டார். வெஸ்லியின் கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அவருக்கென்று தனிக் கூடம் எழுந்தது. ஒரே இயக்கம் இரண்டாக உடைந்தது.

வாக்கியம் பிறந்தது

சில ஆண்டுகளில் கோபம் ஆறியது. கொள்கை மட்டும் ஆறவில்லை. இரண்டு பேரும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் 1750 ஜனவரியில் லண்டனில் ஒரே கோயிலில் ஒரு நாள் வெஸ்லி ஜெபம் வாசிக்க விட்ஃபீல்ட் பிரசங்கித்தார். மறுமுறை விட்ஃபீல்ட் வாசிக்க வெஸ்லி பிரசங்கித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் விட்ஃபீல்ட் எழுதிய ஒரு கடிதத்தில் நம் வாக்கியம் இருக்கிறது. சமாதானமாக வாழ விரும்புகிறவர்கள், கூட வேலை செய்கிறவர்களோடு பல விஷயங்களில் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' ஆகத்தான் வேண்டும், சின்ன விஷயங்களுக்காகப் பிரியக் கூடாது என்பது அதன் சாரம்.

1770 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்காவில் நியூபரிபோர்ட் என்ற ஊரில் விட்ஃபீல்ட் காலமானார். வயது 55. தம் அஞ்சலிப் பிரசங்கத்தை வெஸ்லிதான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நவம்பர் 18 அன்று, லண்டனில் விட்ஃபீல்டின் கூடங்களிலேயே, விட்ஃபீல்டின் ஆட்கள் முன்னாலேயே, எதிர்க் கொள்கைக்காரரான வெஸ்லி ஏறி நின்றார். சில மாதங்களுக்கு முன்புதான் அதே பழைய சண்டை இரு தரப்புக்கும் நடுவே மறுபடி கிளம்பியிருந்தது. எல்லோர் காதும் அவர் வாயையே பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெஸ்லி சொன்னதன் சாரம் இது. அவ்வளவாக அடிப்படையில்லாத கோட்பாடுகள் நிறைய உண்டு. உண்மையான பக்தர்களே அவற்றில் காலங்காலமாகப் பிரிந்து நிற்கிறார்கள். அவற்றில் நாமும் நினைப்போம், பிறரையும் நினைக்க விடுவோம். அங்கேதான் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' வருகிறது. அச்சான பிரசங்கத்தில் அந்த மூன்று சொற்களும் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன. வாக்கியத்தை உருவாக்கியவர் வெஸ்லி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் அவர் அதை இன்னொருவர் வாய்ச்சொல்லாகத்தான் எடுத்தாண்டார். பின்னாளில் தம்பி சார்லஸுக்கு எழுதியபோது, 'விட்ஃபீல்ட் சொல்வது போல' என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டார். செத்துப்போன நண்பனின் சொல்லையே எடுத்து, நண்பனின் ஆட்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். அந்தப் பிரசங்கத்தில் வாக்கியம் அங்கேயே முடியவில்லை. அடிப்படையானதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வோம் என்று அடுத்ததாகவே வருகிறது. முதல் பாதி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாம் பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டோம்.

மறந்த பாதி

அந்த மறந்த பாதி ஏன் முக்கியம் என்பதற்கு இதே இருவர் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது.

ஜார்ஜியா குடியேற்றத்தில் 1735 முதல் அடிமை முறைக்குத் தடை இருந்தது. அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் விட்ஃபீல்டும் ஒருவர். அங்கே பெதெஸ்டா என்ற அநாதை இல்லத்தை நடத்தி வந்தார். அடிமைகள் இல்லாமல் அதற்கு வருமானம் வராது என்பது அவர் வாதம். தடை நீங்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. 1747-லேயே பக்கத்துத் தென் கரோலினாவில் அடிமைகளை வைத்து ஒரு தோட்டம் நடத்த ஆரம்பித்தார். 1751-ல் ஜார்ஜியாவில் தடை நீங்கியது. அவர் இறந்தபோது சுமார் 50 அடிமைகள் அவருடைய சொத்துக் கணக்கில் இருந்தார்கள். அநாதைக் குழந்தைகளுக்காகக் கண்ணீர் விட்ட மனிதர்! கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளியின் கறுத்த முகத்தில் கண்ணீர்க் கோட்டைப் பார்த்து நெகிழ்ந்த மனிதர்!

வெஸ்லி இந்த விஷயத்தில் 'நினைக்க விடுவோம்' என்று இருந்துவிடவில்லை. 1774-ல் அடிமை முறைக்கு எதிராகத் தனி நூலே எழுதினார். கப்பல் மாலுமி, வியாபாரி, தோட்ட முதலாளி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேள்வி கேட்கிற நூல் அது. கடைசிக் கடிதங்களில் ஒன்றை, 1791 பிப்ரவரி 24 அன்று, நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கு எழுதினார். விடாதே, போராடு என்று. ஆறாம் நாள், மார்ச் 2 அன்று, 87 வயதில் காலமானார். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்ய 1807 வரை ஆயிற்று.

மீட்சிக் கொள்கையில் அவர்களுடைய கருத்து வேற்றுமையால் நஷ்டப்பட்டவர்கள் அவர்கள் இருவரும்தான், மிஞ்சிப் போனால் அவர்களுடைய கூடங்கள். அதனால் அதில் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் அடிமை முறையில் நஷ்டம் யாருக்கு? மேஜைக்கு முன்னால் உட்காராத, வாய் திறக்க முடியாத மூன்றாவது மனிதனுக்கு. அவன் முதுகில் விழுகிற சவுக்கடியை வைத்துக்கொண்டு இரண்டு கனவான்கள் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' சொல்லிக் கைகுலுக்கினால், அது சமாதானமா?

அமெரிக்க மெத்தடிஸ்ட் சபை கிட்டத்தட்ட அதைத்தான் பல ஆண்டுகள் செய்து பார்த்தது. அடிமை விஷயத்தை அழுத்திப் பேசாமல், வடக்கும் தெற்கும் ஒட்டிக்கொண்டே போகலாம் என்று நினைத்தது. 1844-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒரு பிஷப்பே அடிமைகளுக்குச் சொந்தக்காரராக இருந்த விவகாரம் மாநாட்டில் வெடித்தது. சபை வடக்கு, தெற்கு என்று இரண்டானது. மறுபடி சேர 1939 வரை ஆயிற்று. கீறல் விழுந்த இடத்தில் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

சென்னையில் ஒரு பின்கதை

இந்தக் கதைக்கு நம்ம ஊரிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. வெஸ்லியின் வழிவந்த பாதிரிமார்கள் 1814-ல் இலங்கைக்கும், 1817-ல் அங்கிருந்து சென்னைக்கும் வந்தார்கள். வெஸ்லி பெயரில் ராயப்பேட்டையில் இருக்கும் கோயிலும் பள்ளியும் அந்த வழி வந்தவைதான். இங்கிலாந்தில் ஆங்கிலிகன் சபையிலிருந்து பிரிந்த மெத்தடிஸ்டுகள் இங்கேயும் தனித்தனியாகவே இருந்தார்கள்.

1919-ல் தரங்கம்பாடியில் தென்னிந்தியக் குருமார்கள் சிலர் கூடி, இந்தப் பிரிவினைகள் நமக்கு எதற்கு, ஒன்று சேருவோம் என்று அறிக்கை விட்டார்கள். பேச்சுவார்த்தை எவ்வளவு நாள் நடந்தது தெரியுமா? 28 ஆண்டுகள்! பிஷப் கையால் அபிஷேகம் பெறாத குருவை ஏற்கலாமா என்பது பெரிய முட்டுக்கட்டை. அதற்கு ஒரு வழி கண்டார்கள். முதல் 30 ஆண்டுகளுக்கு இரண்டு வகைக் குருமார்களும் கூடவே இருப்பார்கள். மனசாட்சி ஒப்பாத குருவை எந்தச் சபை மேலும் திணிக்கக் கூடாது. 30 ஆண்டுக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

மதத்தை விட்டுவிட்டு, ஒரு இன்ஜினீயராக இதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எதில் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். யாரும் நசுங்காமல் இருக்கப் பாதுகாப்பு வைத்தார்கள். மறுபடி பேசக் காலக்கெடுவும் போட்டார்கள். 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்பதை முறையாக டிசைன் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

நமக்கு என்ன?

நாம் இன்று சொல்கிற 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' பெரும்பாலும் வாதத்தைத் தொடங்காமலே தப்பிக்கிற வழி. அதைச் சொன்ன விட்ஃபீல்ட் அதற்கு முன் பத்து ஆண்டுகள் முழுமூச்சாகச் சண்டை போட்டிருந்தார். எதிராளியின் கட்சி என்ன என்பது அவருக்கு வரிக்கு வரி தெரியும். வாதத்தின் கடைசியில் வர வேண்டிய வாக்கியத்தை நாம் முதலிலேயே கொண்டுவந்து போட்டுவிடுகிறோம்.

இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு வேலைக்குப் போவீர்கள். மெஷினை எந்தப் பக்கம் வைப்பது, எந்த சாஃப்ட்வேர் வாங்குவது, எந்த நிற பெயிண்ட் என்பதிலெல்லாம் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, 'சரி சார், உங்க விருப்பம்' என்று வேலையைப் பாருங்கள், ஒன்றும் குடி முழுகாது. ஆனால் பாய்லரின் சேஃப்டி வால்வு சரியில்லை, தூண் தாங்காது என்று உங்கள் கணக்கு சொன்னால், அங்கே இந்த வாக்கியத்துக்கு இடமே கிடையாது. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கப் போகிறவன் உங்கள் மீட்டிங்கில் இல்லை. அவனுக்காக அங்கே பேச உங்களைத் தவிர ஆளில்லை.

பழைய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று எத்தனையோ விஷயத்தில் நமக்குள் ஒத்துப்போகாது. போகவும் வேண்டாம். வெஸ்லியும் விட்ஃபீல்டும் முப்பது ஆண்டுகள் ஒத்துப்போகாமலேதான் இருந்தார்கள். ஆனாலும் தனக்குப் பின்னால் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேச யார் வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, விட்ஃபீல்ட் கைகாட்டியது தன் கட்சிக்காரர் யாரையும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் தனக்குக் கிடைத்த அந்தச் சீனியரைத்தான்.